போகாமல் இருந்த வருஷங்கள்

போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. கொட்டகலையில் லொறி நிற்பது பெரிய விஷயமில்லை. உரமூட்டை, மரக்கறி, கூரைத் தகரம் என்று எதையாவது ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் இந்த லொறியில் மெத்தை ஏறியது. மெத்தைக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை, அதற்குப் பின்னால் கண்ணாடி வைத்த அலுமாரி. பசாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக மாடி எழுப்பி, தரைக்கு மாபிள் போட்டு, பால் காய்ச்சிக் குடிவந்தவர்கள். அன்றைக்கு அந்த வீட்டம்மா, "செருப்போடயே வாங்க டீச்சர், பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே நுழையும் வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டேன்.

"வத்தளைக்கு டீச்சர். பிள்ளைங்க படிப்பு எல்லாம் அங்கதானே. இங்க ஏழு வருஷம் இருந்தாச்சு, போதும்."

பஸ் சீசன் டிக்கட் முடிந்துவிட்டது என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. உள்ளே வந்து மகளிடம் புலம்பினேன். அவள் ஃபோனைத் தட்டி, ஏதோ ஒரு நாட்டில் சொந்த வீட்டுக்காரர்கள் ஒரே வீட்டில் எத்தனை வருஷம் இருந்துவிட்டு வேறு வீட்டுக்குப் போகிறார்கள் என்று கணக்கெடுத்து வைத்திருப்பதை வாசித்துக் காட்டினாள். அந்த எண் இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. இப்படிக்கூட ஒரு கணக்கு எடுப்பார்களா என்ற ஆச்சரியத்தில் எண்ணைக் கோட்டை விட்டுவிட்டேன்.

நான் திரும்பி வெளியே வந்தபோது இன்னொரு அலுமாரியைத் தூக்கினார்கள். அதன் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. மாபிள் போட்ட வீட்டிலும் அந்தச் சுவர் கறுத்துப் போயிருந்தது. திறந்த கதவு வழியாக ஒரு வாசனை மெல்ல இறங்கி வந்தது. மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது? காயாத துணி, நனைந்த சுண்ணாம்பு, புகை, எல்லாம் ஒரே மூட்டையில் பல மாதம் கிடந்தால் வருகிற ஈர வாசனை. அதிலேயே பிறந்து அதிலேயே படித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் என் சட்டையிலும் அது இருந்திருக்கும். வகுப்பில் எல்லோரிடமும் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நான் பிறந்த வீடு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு லயத்தின் கடைசிக் காம்பரா. ஒரே தகரக் கூரைக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டிய பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். கடைசிக் காம்பராவில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஆகவே அண்டை வீட்டுச் சண்டையில் பாதிதான் காதில் விழும். அதே சுவரில்தான் மழை முழுக்க அடிக்கும் என்பது அந்த வசதிக்கு நாங்கள் கொடுத்த விலை.

அந்தச் சுவரில் அப்பா ஒரு முறை ஜன்னல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அலவாங்கால் இடித்துத் திறந்துவிட்டார். பழைய பெட்டிப் பலகையில் சட்டம். வீட்டுக்குள் வெயில் விழுந்த அன்றைக்குத்தான் எங்கள் மண் தரை எவ்வளவு குண்டும் குழியும் என்பது எங்களுக்கே தெரிந்தது. என் அக்கா ஆரோக்கியம் தன் கொப்பிகளையெல்லாம் அந்த வெளிச்சத்துக்குக் கீழே அடுக்கி, அது தன் இடம் என்று அறிவித்துவிட்டாள். ஒன்பது நாள். பத்தாம் நாள், தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வந்தார்.

"அந்தோணி, இத மூடிரு. தொர பாத்துட்டாரு."

"உள்ள இருக்கிறது நாங்கதானே ஐயா?"

"இருக்கிறது நீங்க. வீடு தோட்டத்துது."

அப்பா தன் கையாலேயே கல் வைத்து மூடினார். கணக்கப்பிள்ளை கெட்டவர் இல்லை. மூடும்போது பக்கத்தில் நின்று ஒரு கல்லை எடுத்துக்கூடக் கொடுத்தார். பல வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றபோது, தோட்டத்து குவாட்டர்ஸைக் காலி செய்ய ஒரு மாதம்தான் தவணை கிடைத்ததாம். பாத்திரம் கட்டக் கோணிச் சாக்கு இருக்குமா என்று எங்கள் அம்மாவிடமே கேட்டு வந்து நின்றார். ஏன், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களா மட்டும் அவருடையதா என்ன? மூன்று வருஷத்துக்கு ஒருவர் வருவார். ஒரு துரையின் மனைவி ரோஜா வைப்பார், அது பூப்பதற்குள் மாற்றலாகிப் போவார். அடுத்தவர் வந்து ரோஜாவைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைப்பார். யோசித்துப் பார்த்தால் அந்த மலையில் ஒருவருக்குமே சொந்த வீடு இல்லை. பங்களாவில் இருந்தவர் சீக்கிரம் போனார். லயத்தில் இருந்தவர்கள்தான் நாலு தலைமுறையாகப் போகாமலே இருந்தோம்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா நெஞ்சுச் சளியில் படுத்து, மூன்று வாரத்தில் போய்விட்டார். அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அம்மா கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் பிசகிவிட்டது. நாட்டு வைத்தியம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தும் மலை ஏற முடியாத கால் ஆகிவிட்டது. அதே கணக்கப்பிள்ளை மறுபடியும் வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்து, அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, இந்த வீட்ல இனி வேலைக்கு யாரு?"

கேள்வியின் பொருள் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போகிற ஆள் ஒருவராவது இருந்தால்தான் அந்தக் காம்பரா அந்தக் குடும்பத்துக்கு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். புதிதாகக் கலியாணம் கட்டிக்கொண்டு, தாய்தகப்பனோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்த இரண்டு குடும்பங்கள் காம்பரா கேட்டுக் காத்திருந்தன. அவர்கள் மேலும் குற்றமில்லை.

"நான் வாறேன் ஐயா" என்றாள் அக்கா.

அவளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாத்தியார் லீவு போட்டால் கீழ் வகுப்புக்கு அவள்தான் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கோப்பையைக் கீழே வைத்தார். "திங்கக்கெழமை பெரட்டுக்கு வந்துரும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசைப்படுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்.

அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அக்காவின் வெள்ளைச் சப்பாத்து இனி எனக்குத்தான் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே நினைத்தேன். திங்கட்கிழமை அவள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மேலே போனாள். நான் முன்பக்கம் கடதாசி அடைத்த சப்பாத்தில் டக்டக்கென்று கீழே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். திரும்பிப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். சப்பாத்து கழன்றுவிடாமல் நடப்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது.

அதற்குப் பிறகு அக்காவின் வருஷங்கள் எல்லாம் ஒரே மாதிரி. எனக்கு உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயத்தில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். மஸ்கெலியா பக்கம் லொறி ஓட்டுகிறவர். அமைதியான மனிதர். பலகாரத் தட்டைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, போகும்போதுதான் அது தன் மடியில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவர்கள் போனதும் அக்கா, "மூக்கு பெருசா இருக்கு, வேணாம்" என்றாள். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். பல காலம் அந்த மூக்குதான் காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் மஸ்கெலியாவுக்குப் போயிருந்தால் அடுத்த மாதமே அம்மாவும் நானும் தெருவுக்கு வந்திருப்போம் என்பது, நான் ஆசிரியையாகி, கலியாணமாகி, கொட்டகலையில் குடியேறிய பிறகு ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது திடீரென்று உறைத்தது.

வேலை கிடைத்ததும் இரண்டு பேரையும் நீ கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். கூப்பிட்டேன். ஆனால் கூப்பிடுவதில் பல விதம் உண்டு அல்லவா? வாடகை அறையின் நீள அகலத்தைச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டேன். அம்மா, "அப்பாவப் பொதச்ச எடத்த விட்டு வர மாட்டேன்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அம்மா அந்தக் காம்பராவிலேயே, அக்கா மடியில் தலை வைத்து இறந்தாள்.

அம்மா போய் ஆறு வருஷத்துக்குப் பிறகு தோட்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இந்தப் பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும், தேர்தல் முடிந்ததும் போகும். இந்த முறை என்ன புண்ணியமோ, உண்மையாகவே மண் வெட்டினார்கள். பேர் பதிந்து வேலை செய்கிறவர்களின் பட்டியலில் அக்காவின் பெயரும் வந்தது. நீலக் கூரை, இரண்டு அறை, தனிக் குசினி, சுற்றிலும் துண்டுக் காணி. காணி உறுதிப் பத்திரம் அவள் பெயரில். பாட்டன் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் எந்த உறுதியிலும் ஏறியதில்லை. ஃபாதர் வந்து வீடு மந்திரித்தார். நான் பக்கத்து வீட்டு முதலாளியின் கடையிலேயே மஞ்சள் பூப் போட்ட திரைச்சீலைத் துணி வாங்கி, தைத்து, மூட்டையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஐந்து ஜன்னலுக்கு ஏழு ஜன்னல் துணி. உற்சாகத்தில் கணக்குத் தவறிவிட்டது. எனக்குக் கணக்கு எப்போதும் வராது.

குடிபுகுந்த முதல் வாரம் கோழிக்கூடு கட்ட அனுமதி கேட்டு அக்கா புதிய கணக்கப்பிள்ளையைத் தேடிப் போனாளாம். அவர் சிரித்துவிட்டார். "ஒங்க காணியில நீங்க கட்டுறதுக்கு நான் யாரும்மா?" திரும்பி வந்தவள் கோழிக்கூடு கட்டவே இல்லை. "யாரும் வேணாம்னு சொல்லாததால கட்டணும்னு தோணல" என்று என்னிடம் சொன்னாள். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

பதினோரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொட்டகலைக்கு வந்தாள். குசினியில் எனக்கு எதிரே உட்கார்ந்து போஞ்சி நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பாப்பா, நான் வீட்ட விட்டுப் போறேன்."

"எந்த வீட்ட?"

"எனக்கு எத்தன வீடு இருக்கு?"

மலையடிவாரத்தில், நல்லதண்ணி என்ற ஊரில் செல்லம் ரொட்டிக் கடை வைத்திருக்கிறாளாம். செல்லம் எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் இருந்தவள், அக்காவின் கூட்டாளி. சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் சீசனில் கடையைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லையாம். கடைக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை இருக்கிறதாம்.

"சொந்த வீட்ட விட்டுட்டு வாடகைக்குப் போற ஆள நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றேன்.

"பாத்துக்க."

"இருவத்தெட்டு வருஷம்க்கா! இருவத்தெட்டு வருஷம் அந்த மலையில இருந்து வாங்குன வீடு. பதினோரு மாசத்துல விட்டுட்டுப் போறேங்கிற."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை.

"இருந்தேன்னு நீ சொல்ற. நான் போகாம இருந்தேன். ரெண்டும் ஒன்னா பாப்பா?"

அவளே தொடர்ந்தாள். "அப்ப நான் போனா வீடு போயிரும். இப்ப நான் போனாலும் வீடு அங்கயே இருக்கும்ல. அதுக்குத்தானே உறுதி குடுத்திருக்காங்க?"

"பூட்டி வச்சா பாழாப் போயிரும்."

"பூட்டல. லூர்துவ இருக்கச் சொல்லிட்டேன்."

லூர்து கீழ்லயத்துப் பெண். புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அப்படியே காணாமல் போனவன். அவளுக்கோ இளைப்பு. மலை ஏறினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் காம்பராவை வைத்திருக்க முடியும்? அவள் மகள் ஷாமினி சாதாரண தரம் எழுதவிருந்த பிள்ளை, படிப்பை விட்டுவிட்டுப் பேர் பதியப் போவதாகச் சொல்லிவிட்டதாம். லயத்தில் ஒரு காம்பராவுக்காக.

"அந்தப் புள்ள பெரட்டுக்கு வந்து நின்னா என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. நான் போறேன், நீங்க இருங்கன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு பேச்சுதான் பேசினேன். அவ பேர் பதியக் கூடாது."

இதைக் கேட்டதும் நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது இதுதான்: "திருப்பிக் கேட்டா குடுப்பாங்களா?"

அக்கா நறுக்கிய போஞ்சியைக் கழுவிச் சட்டியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு மாதம் நாங்கள் பேசவில்லை. அந்த வீடு எனக்கும் ஒரு வீடு என்று நான் மனசுக்குள் குடிபுகுந்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. லீவுக்குப் பிள்ளைகளோடு போய் இருக்கலாம், வயதான பிறகு அக்காவோடு வெயிலில் உட்காரலாம் என்றெல்லாம் திரைச்சீலை தைக்கும்போதே தைத்து வைத்திருந்தேன் போல.

பரீட்சை முடிவுகள் வந்த வாரம் ஒரு பெண் பிள்ளை எங்கள் பாடசாலைக்கு வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்றது. மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை.

"டீச்சர், நான் ஷாமினி. ஆரோக்கியம் மாமி வீட்ல இருக்கோம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் மடித்த ஒரு தாளை நீட்டினாள். அவளுடைய முடிவுகளின் பிரதி.

"மாமிக்கு இத குடுத்துருவீங்களா டீச்சர்? ஃபோன்ல சொன்னேன். தாள்ல பாக்கணும்னாங்க."

அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன். ஹட்டனில் பஸ் மாறி, மஸ்கெலியா தாண்டி, நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து வளைந்து நல்லதண்ணி போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. சீசன் காலம். வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பங்கள், கம்பளித் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், பெட்டி பெட்டியாக இனிப்பு அடுக்கிய கடைகள். நெருக்கித் தள்ளிக்கொண்டு போனேன். "உணு உணு ரொட்டி!" என்று ஒரு பெண் குரல் சிங்களத்தில் கூவியது. சுடச்சுட ரொட்டி என்று அர்த்தம். நல்ல கணீர் குரல். குரலைத் தாண்டி நாலடி போன பிறகுதான் அது அக்கா என்று புரிந்தது. நாற்பத்தைந்து வருஷம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்று பேசியவளுக்கு இப்படி ஒரு குரல் எங்கே இருந்தது?

என்னைப் பார்த்ததும் அவள் ஆச்சரியப்படவில்லை. "பசிக்குதா?" என்றாள். ரொட்டியும் சம்பலும் வைத்தாள். நான் சாப்பிட்ட பிறகு தாளைக் கொடுத்தேன். அவள் உடனே வாங்கவில்லை. போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்துதான் வாங்கினாள். விரல் வைத்து ஒவ்வொரு பாடமாக வாசித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"கணக்குல ஏ" என்றாள்.

"ம்."

"எனக்கும் கணக்கு நல்லா வரும்."

"தெரியும்க்கா."

அதற்கு மேல் பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன். நல்ல வேளை, ஏழெட்டுப் பேர் ஒரே கூட்டமாக வந்து ரொட்டி கேட்டார்கள். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு உதவிக்கு நின்றேன். நான் திருப்பிய முதல் ரொட்டி கரிந்துவிட்டது. செல்லம் அதை எடுத்து ஓரமாக வைத்து, "டீச்சரம்மா சுட்டது, டீச்சரம்மாவுக்கே" என்றாள்.

மாலையில் அக்கா தன் அறையைக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு கொடி, ஒரு மாதா படம், சாமான் என்று சொல்ல மூன்று சட்டி. எங்கள் லயக் காம்பராவை விடச் சின்னது. அவள் அதை அரண்மனை போலச் சுற்றிக் காட்டினாள்.

"சீசன் முடிஞ்சிட்டா ஏழு மணி வரைக்கும் தூங்குவேன் பாப்பா. யாரும் எழுப்ப மாட்டாங்க."

"அங்கயும் தூங்கலாம்லக்கா, சொந்த வீடுதானே?"

"அங்க படுத்தா விடியக் காலம்பற பெரட்டுக்குக் கூப்பிடுற மாதிரியே இருக்கு. லீவு நாள்லயும் அப்படித்தான். எந்திரிச்சு அடுப்புப் பத்த வச்சிட்டு, எதுக்கு வச்சோம்னு உக்காந்திருப்பேன்." பிறகு வெளியே போய்க்கொண்டிருந்த கூட்டத்தைக் காட்டினாள். "இங்க பாரு, யாராச்சும் தங்க வந்திருக்காங்களா? எல்லாம் வருதுங்க, ஏறுதுங்க, எறங்குதுங்க, போவுதுங்க. எனக்கு இது புடிச்சிருக்கு."

"நீயும் ஒரு நாள் இங்கருந்து போயிருவியா?"

"போகலாம். தெரியல" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது.

ஆறு வருஷம் ஆகிறது. அக்கா இன்னும் நல்லதண்ணியில்தான் இருக்கிறாள். ஷாமினி ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டாள். லூர்து ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் அக்காவுக்கு கேக் கொண்டுபோய்க் கொடுத்து, "அக்கா, வீட்ட எப்ப எடுத்துக்கப் போறீங்க?" என்று கேட்கிறாள். "ஒனக்குப் போகணும்னு தோணுற வரைக்கும் இரு" என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் பதில்.

போன மாதம் தோட்டத்துக் கோயிலில் மாதா திருவிழா. அக்காவும் நானும் சேர்ந்து போனோம். பூசை முடிந்து, லூர்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பழைய லயம் இருந்த பக்கம் நடந்து போனோம். எல்லோரும் புதிய வீடுகளுக்கும், டவுனுக்கும், வெளிநாட்டுக்கும் போன பிறகு தோட்டம் அதை இடித்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். எப்படியும் அடித்தளக் கல்லாவது இருக்கும், படி இருக்கும், சுவரின் அடையாளம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. நிலத்தை மட்டமாக்கித் தேயிலைக் கன்று நட்டிருந்தார்கள். இப்போது அவை கன்றுகூட இல்லை, இடுப்பளவு வளர்ந்து, கொழுந்து எடுக்கும் பருவத்துச் செடிகள். எந்த இடத்தில் அப்பா இருமினார், எந்த இடத்தில் அம்மா படுத்திருந்தாள் என்று என்னால் குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல முடியவில்லை. அக்கா செடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போய், நின்று, பிறகு இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். பிறகு, "இல்ல, இது செல்லம் வீடு" என்று சொல்லிக்கொண்டு இன்னும் மேலே போனாள்.

அப்போது தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் பாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். சின்ன வயது, புதிதாக வந்தவர் போலிருந்தது.

"யாரத் தேடுறீங்க அம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாரையும் தேடலங்க" என்றாள் அக்கா. "முந்தி இங்கதான் இருந்தோம்."

"எந்தப் பக்கம்?"

"இங்கதான்" என்று அக்கா தன் காலடியைக் காட்டினாள்.

அவர் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். அவள் சேலைக் கரையைச் சுற்றி நின்ற தேயிலையைப் பார்த்தார். மேலும் கீழுமாக அந்தச் சரிவு முழுக்க ஒரு முறை பார்த்துவிட்டு, எங்களைப் புண்படுத்திவிடக் கூடாது என்ற தயக்கத்தோடு கேட்டார்.

"இங்க லயம் இருந்துச்சுங்களா?"